பந்து வீச்சாளரைக் கொடுப்பதா, வைத்திருப்பதா?

ஓர் அணிக்குக் கிடைக்கும் பேறுகளுட் பெரியது, தலைசிறந்த பந்து வீச்சாளர் ஒருவர் அமைவதே. அவர் அமைந்த பின்னர் அந்த அணிக்கு வந்து சேரும் சங்கடங்களுட் பெரியதும் அவராலேயே வருவதுண்டு. இன்று இல்லாவிடினும் நாளை இன்னோர் அணி அவரைக் கேட்கும். அல்லது அவருக்கு வயது ஏறும். அல்லது, அவருக்குக் கொடுக்கும் பணத்தில் வேறு இருவரைச் சேர்க்கலாமே என்று கணக்குப் பார்ப்பவர் ஒருவர் எழுந்து சொல்வார். அவரைக் கைமாற்றிக் கொடுப்பதா, கையோடு வைத்திருப்பதா என்ற கேள்வி அப்போது பிறக்கிறது.

2025ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இக்கேள்வி நம் கரையோர ஊர்களிலும் பேசப்பட்டது. மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரை சென்னை அணிக்கு அன்பர்கள் பலர் உள்ளனர் என்பது நேயர்கள் அறிந்ததே. அந்தச் சென்னை அணி, நெடுங்காலம் தன்னிடம் ஆடிய சுழற்பந்து வீச்சாளரும் சகலதுறை வீரருமான ரவீந்திர ஜடேஜாவை, சாம் கரனுடன் சேர்த்து ராஜஸ்தான் அணிக்குக் கொடுத்துவிட்டு, சஞ்சு சாம்சனைப் பெற்றுக்கொண்டது. அதே வேளையில் நம் நாட்டு வேகப்பந்து வீச்சாளர் மதீஷ பத்திரனவையும் விடுவித்தது. “நன்றி கெட்ட செயல்” என்றனர் ஒரு சாரார். “கணக்குத் தெரிந்த செயல்” என்றனர் மறு சாரார்.

இவ்விரு சாராரின் வழக்கையும் சற்று நிதானமாக ஆராய்வது இந்த வாரத்து நோக்கம். கோடிகளில் ஏலம் போகும் வீரர்களைப் பற்றி நமக்கென்ன என்று மாணவர்கள் எண்ண வேண்டா. ஏலமும் கோடியும் இல்லாத நம் பாடசாலை மைதானங்களுக்கும் இதே கேள்வி வருகிறது. அங்கு வரும்போது அது இன்னும் கடினமாகவே வருகிறது. அதற்கு விடை தேடுமுன், பெரிய அணிகள் பெற்ற அனுபவத்தைப் பார்ப்போம்.

வீரர்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளும் வழக்கம் அமெரிக்காவின் பேஸ்போல் ஆட்டத்தில் மிகப் பழையது. அவ்வாட்டத்திற் பந்தை எறிபவரே அணியின் உயிர்நாடி. பொஸ்டன் நகரத்து அணியில் பேப் ரூத் என்னும் இடக்கை வீரர் இருந்தார். 1916ஆம் ஆண்டிலே பந்தெறிபவராக 23 ஆட்டங்களில் வெற்றி தேடித் தந்தவர். பின்னர் மட்டையைக் கையிலெடுத்தும் வியப்பு விளைவித்தார். 1919ஆம் ஆண்டின் இறுதியில் அவரைப் பொஸ்டன் அணியின் உரிமையாளர் நியூயோர்க் அணிக்கு 100,000 டொலருக்கு விற்றுவிட்டார். அதற்கு முந்திய ஆண்டு, 1918இல், கிண்ணம் வென்றிருந்த பொஸ்டன் அணி அடுத்த கிண்ணத்தைக் காண 2004ஆம் ஆண்டு வரை, அதாவது 86 ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது. அதுவரை ஒரு முறையேனும் கிண்ணம் வெல்லாதிருந்த நியூயோர்க் அணியோ அவர் ஆடிய காலத்தில் நான்கு முறை வென்றது. இத்தனை ஆண்டுத் தோல்விக்கும் ஒரே விற்பனைதான் காரணம் என்பது மிகைக்கூற்று. ஆயினும் 24 வயது வீரரின் வருங்காலத்தைக் கைப்பணத்துக்கு மாற்றிய கணக்கு பிழையான கணக்கு என்பதில் ஐயமில்லை.

இக்கதையைக் கேட்போர், சிறந்த வீரரை ஒருபோதும் கைவிடலாகாது என்று முடிவு கட்டிவிடுவர். அவசரப்பட வேண்டா, நமக்கு அண்மையிலே அதற்கு மாறான சான்று ஒன்று உண்டு.

கண்டியிற் பிறந்த நம் முத்தையா முரளிதரனை 2008ஆம் ஆண்டு ஏலத்திலே சென்னை அணி 6 இலட்சம் டொலருக்கு எடுத்தது. அவர் சென்னையிற் பெண் எடுத்தவர். ஆகையால் அந்நகரத்தார் அவரை மருமகப் பிள்ளையாகவே கொண்டாடினர். 2010ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னை முதன்முறையாகக் கிண்ணம் வென்றபோது அவர் அவ்வணியில் இருந்தார். அதே ஆண்டு ஜூலையிற் காலி மைதானத்திலே தமது இறுதி டெஸ்ட் ஆட்டத்தின் இறுதிப் பந்தில் 800ஆவது விக்கெட்டையும் வீழ்த்தினார். உலகில் வேறெவரும் எட்டாத எண்ணிக்கை அது. ஆனால், 2011ஆம் ஆண்டு ஏலத்திற்கு முன்னர் ஒவ்வோர் அணியும் நால்வரை மட்டுமே கையில் வைத்துக்கொள்ளலாம் என்று விதி வந்தது. சென்னை வைத்துக்கொண்ட நால்வர் தோனி, ரெய்னா, முரளி விஜய், அல்பி மோர்க்கல் ஆகியோர். 800 விக்கெட்டுக்கு உரியவர் அந்தப் பட்டியலில் இல்லை.

ஏலத்திலே கொச்சி அணி அவரை 11 இலட்சம் டொலருக்கு எடுத்தது. சென்னையோ அந்நகரத்து இளைஞர், அப்போது 24 வயதினரான ரவிச்சந்திரன் அஸ்வினை, 8 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் கொடுத்துத் திரும்பப் பெற்றது. முரளியோடு ஒரே அணியில் இருந்து ஆடியவர் அவர். அவ்வாண்டு இறுதியாட்டத்தில், முதல் ஓவரின் நான்காவது பந்திலேயே, அக்காலத்தில் எல்லாப் பந்து வீச்சாளரையும் கலங்கடித்துக்கொண்டிருந்த கிறிஸ் கெய்லை ஓட்டமெதுவும் பெறாமல் ஆட்டமிழக்கச் செய்தார் அஸ்வின். கிண்ணம் மீண்டும் சென்னைக்கே சென்றது. கொச்சி அணியோ அந்த ஒரு பருவத்தோடு கலைக்கப்பட்டது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது யாது? முரளியின் பெருமையைச் சென்னை அணியினர் மறந்தார்கள் என்று கூற முடியாது. அவர்கள் பார்த்தது 38 வயதைக் கடந்த ஒரு பெரியவரின் எதிர்காலத்தையும், 24 வயது இளைஞர் ஒருவரின் எதிர்காலத்தையும். ரூத்தை விற்ற பொஸ்டன்காரரும் முரளியை விட்ட சென்னைக்காரரும் செய்த வேலை வெளிப்பார்வைக்கு ஒன்றே. ஒருவர் இருபத்து நான்கு வயதினரை இழந்தார். மற்றவர் இருபத்து நான்கு வயதினரைப் பெற்றார். ஆகவே முதற் பாடம் இது: கொடுப்பதா, வைத்திருப்பதா என்பதை வீரர் கடந்து வந்த ஆண்டுகளைக் கொண்டு தீர்மானிக்கலாகாது, வரவிருக்கும் ஆண்டுகளைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். கடந்த ஆண்டுகளுக்குரியது மரியாதை. அதைச் செலுத்த வேறு வழிகள் உண்டு.

அந்த வேறு வழியை மும்பை அணி காட்டியிருக்கிறது. லசித் மாலிங்கவை 2008ஆம் ஆண்டே அவ்வணி எடுத்திருந்தது. 2009 முதல் அவருடைய யோர்க்கர் பந்துகள் மும்பையின் பெருஞ்செல்வமாயின. 2016ஆம் ஆண்டு முழங்காற் காயத்தால் அவர் ஆடவில்லை. 2018ஆம் ஆண்டு ஏலத்திலோ அவரை மும்பை உட்பட எந்த அணியும் கேட்கவில்லை. கணக்கு அத்துடன் முடிந்தது என்றே எவரும் எண்ணியிருப்பர். ஆனால் மும்பை அணியினர் அவரைப் பந்து வீச்சாளர்களுக்கு வழிகாட்டியாக அமர்த்திக்கொண்டனர். ஆயுதம் எடாமல் தேரில் அமர்ந்திருந்த சாரதி எத்தகைய துணை என்பதைப் பாரதக் கதை கேட்டு வளர்ந்தவர்கள் அறிவர். மும்பையின் ஜஸ்பிரித் பும்ரா, இளம் வயதில் மாலிங்கவின் அருகிலிருந்து கற்றவர். ஒரு பந்து வீச்சாளரின் பெறுமதியை எழுதும் ஏட்டிலே, அவர் வீழ்த்திய விக்கெட்டுகளுக்கு ஒரு பத்தி உண்டு. அவர் உருவாக்கிய பந்து வீச்சாளர்களுக்குப் பத்தி இல்லை. புத்தியுள்ள அணி அந்தப் பத்தியையும் தானே கோடிட்டுக்கொள்ளும்.

அடுத்த ஏலத்திலே மும்பை அவரை 2 கோடி ரூபாவுக்கு மீண்டும் ஆட்டக்காரராகவே எடுத்தது. 2019ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் திகதி, ஹைதராபாத்தில் சென்னைக்கும் மும்பைக்கும் இறுதியாட்டம். மாலிங்க தமது முதல் மூன்று ஓவர்களில் 42 ஓட்டங்களைக் கொடுத்துவிட்டார். அவற்றுள் ஓர் ஓவரிலே மட்டும் 20 ஓட்டங்கள். இறுதி ஓவரிற் சென்னைக்கு வேண்டியவை 9 ஓட்டங்களே. அணித்தலைவர் ரோகித் சர்மா பந்தை மாலிங்கவிடமே கொடுத்தார். கடைசிப் பந்து வீசப்படுமுன் வேண்டியவை 2 ஓட்டங்கள். மாலிங்க வேகத்தைக் குறைத்து வீசினார். சர்துல் தாகூர் எல்.பி.டபிள்யூ. முறையில் ஆட்டமிழந்தார். மும்பை ஓர் ஓட்டத்தால் வென்றது.

இதைச் சொல்லி, “பார்த்தீர்களா, வைத்திருந்ததே சரி” என்று முடித்துவிடுதல் எளிது. ஆனால் தாகூரின் மட்டையிற் பட்டு அந்தப் பந்து எல்லைக்கோட்டைக் கடந்திருந்தால் என்ன பேசியிருப்போம்? “மூன்று ஓவரில் 42 கொடுத்தவரிடமா பந்தைக் கொடுப்பது?” என்று அதே வாய்கள் கேட்டிருக்கும். தீர்மானம் அதுவே, விளைவு மட்டும் வேறு. ஆகவே இரண்டாவது பாடத்தை மாணவர்கள் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். ஒரு தீர்மானம் நன்றா தீதா என்பதை, அதை எடுத்தவர் அந்த வேளையிற் பார்த்த கணக்கைக் கொண்டு அளக்க வேண்டும். கடைசிப் பந்து எங்கே விழுந்தது என்பதைக் கொண்டு அளத்தல், பரீட்சையில் விடை பொருந்திவிட்டது என்பதற்காகப் பிழையான வழிக்கும் புள்ளி போடுவதை ஒக்கும். ரோகித் சர்மா பார்த்தது, இறுதி ஓவர்களைப் பத்து ஆண்டுகள் வீசிப் பழகிய ஒரு கையை. அந்தக் கணக்கு, பந்து எங்கே விழுந்திருந்தாலும் நல்ல கணக்கே.

இந்த அளவுகோலைக் கொண்டு பத்திரனவின் வழக்கைப் பார்ப்போம். மாலிங்கவைப் போலவே தோளுக்குக் கீழாகக் கையைச் சுழற்றி வீசும் இந்த இளைஞர், 2022ஆம் ஆண்டு காயமுற்ற ஒருவருக்குப் பதிலாகச் சென்னைக்கு வந்தார். 2023ஆம் ஆண்டு 12 ஆட்டங்களில் 19 விக்கெட், சென்னைக்குக் கிண்ணம். 2024ஆம் ஆண்டு 6 ஆட்டங்களிலேயே 13 விக்கெட். அதனால் அவரை 13 கோடி ரூபாவுக்கு வைத்துக்கொண்டனர். 2025ஆம் ஆண்டு 12 ஆட்டங்களில் 13 விக்கெட். ஓவருக்குப் பத்துக்கு மேல் ஓட்டங்களும் கொடுத்தார். அணியும் பத்து அணிகளுள் பத்தாவதாக நின்றது. பின்னர் அவரை விடுவித்தனர். 2025 டிசம்பர் ஏலத்திற் கொல்கத்தா அணி அவரை 18 கோடி ரூபாவுக்கு எடுத்தது. சென்னையோ, இந்திய அணிக்கு அதுவரை ஆடியிராத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்னும் இரு இளைஞர்களைத் தலைக்கு 14 கோடியே 20 இலட்சம் ரூபா கொடுத்துச் சேர்த்தது.

இருபது ஓவர் ஆட்டத்தில் ஒருவர் வீசக்கூடியவை நான்கே ஓவர்கள். அதாவது 120 பந்துகளில் 24. எத்துணை வல்லவராயினும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அவர் கையில் இல்லை. மிஞ்சிய நான்கு பங்கை வீசுபவர்கள் யார் என்பதே கடைசி இடத்தில் நின்ற அணிக்குப் பெருங் கேள்வி. அந்த வகையில் பணத்தைப் பிரித்து வைக்க நினைத்தமை நியாயமே. ஆனால் விடுவிக்கப்பட்டபோது பத்திரனவுக்கு வயது 22. முரளியை விட்ட நியாயம் இங்கே பொருந்தாது. ஒரு பருவத்துச் சறுக்கலைக் கொண்டு 22 வயதினரின் வருங்காலத்தை எடை போட்டது போலவே நமக்குத் தோன்றுகிறது. ஐந்து கோடி அதிகம் கொடுத்து எடுக்க இன்னோர் அணி இருந்தது என்பதே சந்தை அவரை எவ்வாறு மதித்தது என்பதைக் காட்டும். எமது தீர்ப்பு: முரளியை விட்டது சரி, பத்திரனவை வைத்திருந்திருக்கலாம். அவர் பின்னர் எத்தனை விக்கெட் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இத்தீர்ப்பை நாம் மாற்றப் போவதில்லை. ஏனெனில் நாம் அளப்பது அன்றைய கணக்கை.

இனி ஜடேஜாவின் வழக்கு. 36 வயதினரைக் கொடுத்து 31 வயதினரைப் பெற்றது, முதற் பாடத்தின்படி, குறை கூறத் தக்கதன்று. 2023ஆம் ஆண்டு இறுதியாட்டத்தின் கடைசி இரு பந்துகளில் ஓர் ஆறும் ஒரு நான்கும் அடித்துக் கிண்ணம் தேடித் தந்தவரைக் கொடுக்கலாமா என்று கண்ணீர் வடித்தோர் பலர். அந்தக் கண்ணீரை நாம் மதிக்கிறோம். ஆயினும் அவ்வழக்கில் எம் கவனத்தை ஈர்த்தது வேறொரு செய்தி. ஐ.பி.எல். விதிகளின்படி வீரருடைய சம்மதமின்றி அவரைக் கைமாற்ற முடியாது. ஜடேஜாவும் 18 கோடி ரூபாவிலிருந்து 14 கோடிக்கு இறங்கியே ராஜஸ்தானுக்குச் சென்றார். இதே ஜடேஜா 2010ஆம் ஆண்டு, ராஜஸ்தானிலிருந்து வேறோர் அணிக்குச் செல்லத் தாமாகவே பேச முயன்றார் என்பதற்காக, ஓராண்டு ஆட விடாது தடுக்கப்பட்டவர். அணிகள் பேசினால் அது கைமாற்றம். ஆட்டக்காரர் பேசினால் அது குற்றம்!

இந்த முரண்பாட்டை எதிர்த்து அமெரிக்காவில் ஒருவர் வழக்காடியே தமது ஆட்ட வாழ்வை இழந்தார். கேர்ட் பிளட் என்னும் கறுப்பினப் பேஸ்போல் வீரரை, 12 ஆண்டுகள் ஆடிய சென் லூயிஸ் அணி, 1969ஆம் ஆண்டு அவரைக் கேளாமலே பிலடெல்பியா அணிக்குக் கொடுத்தது. வாங்கவும் விற்கவும் நான் பொருளல்லேன் என்ற கருத்தில் அவர் மறுத்து நின்றார். 1972ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் ஐவருக்கு மூவர் என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆயினும் அவர் மூட்டிய தீ அணையவில்லை. 1975ஆம் ஆண்டின் இறுதியில், மெசர்ஸ்மித், மக்னலி என்னும் இரு பந்தெறிவோரின் வழக்கில், ஒப்பந்தம் முடிந்த வீரர் தாம் விரும்பும் அணிக்குச் செல்லலாம் என்று நடுவர் தீர்ப்பாயிற்று. மூன்றாவது பாடம் அதுவே: கொடுப்பதா, வைத்திருப்பதா என்று பேசும் இருவருக்கிடையே மூன்றாமவர் ஒருவர் நிற்கிறார், பந்து அவர் கையில்தான் இருக்கிறது.

இம்மூன்று பாடங்களையும் எடுத்துக்கொண்டு நம் ஊருக்கு வருவோம்.

சில காலத்திற்கு முன்னர், இக்கரையோரத்து ஊர் ஒன்றைச் சேர்ந்த தந்தை ஒருவர் எம்மைத் தேடி வந்தார். அவருடைய மூத்த மகன் எம்மிடம் பயின்றவன். இளைய மகன் பாடசாலை அணியின் வேகப்பந்து வீச்சாளன். சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்திருந்தான். தலைநகரத்துப் பெரிய கல்லூரி ஒன்று, விடுதியும் படிப்பும் தருகிறோம், பையனை அனுப்புங்கள் என்று கேட்டிருந்தது. உள்ளூர் அதிபரோ, அடுத்த ஆண்டு மாவட்டப் போட்டி வரை பொறுக்கும்படி வேண்டினார். “சேர், ரெண்டு பக்கமும் நல்ல மனுசர்தான். நான் யாருக்கிட்ட நோன்னு சொல்ற?” என்று அவர் கேட்டார். “தம்பி என்ன சொல்கிறான்?” என்றோம். சற்று நேரம் பேசாதிருந்து, “அவனெ இன்னும் கேக்கல்ல சேர்” என்றார்.

நம் கரையோரப் பாடசாலைகள் இந்த நிலையை நன்கறியும். சென்னையும் ராஜஸ்தானும் மாற்றிக்கொண்டபோது இரு பக்கமும் ஆள் கிடைத்தது. பத்திரனவை விடுவித்தபோது சென்னையின் பையில் 13 கோடி மிஞ்சிற்று. ஆனால் மணலிலே மென்பந்து வீசிக்கொண்டிருந்த பிள்ளையைக் கண்டெடுத்து, வெயிலில் நின்று ஓடக் கற்பித்து, சொந்தப் பணத்தில் பந்து வாங்கிக் கொடுத்த விளையாட்டு ஆசிரியருக்கும் அவருடைய பாடசாலைக்கும், பிள்ளை போனபின் என்ன மிஞ்சுகிறது? மருதமுனையில் ஒரு நல்ல நெசவாளி வேறு தறிக்குப் போனால், பழைய தறிக்காரர் வருந்துவார். ஆனாலும் அவர் நெய்து கொடுத்த துணியேனும் கையில் இருக்கும். இங்கே அதுவும் இல்லை.

அப்படியாயின் பிள்ளையைத் தடுத்து வைத்திருப்பதா? அதற்கும் நாம் உடன்படோம். மாலிங்க காலிக்கு அண்மையிலுள்ள ரத்கமையிலே மணலிலும் தென்னந்தோப்பிலும் மென்பந்து வீசி வளர்ந்தவர். காலி வித்தியாலோகக் கல்லூரியில் இருந்தபோது முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் சம்பக்க ராமநாயக்க அவரைக் கண்டுகொண்டார். பின்னர் மகிந்தக் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைத்தது. எங்கள் பிள்ளை எங்களுக்கே என்று யாரேனும் கதவைச் சாத்தியிருந்தால், அந்தக் கை உலகறியாத கையாகவே இருந்திருக்கக் கூடும். பதினாறு வயதுப் பிள்ளைக்கு வருங்காலமே முழுச் சொத்து. ஆகவே முதற் பாடம் இங்கு நேர்மாறாகத் திரும்பி, பாடசாலையின் அடுத்த கிண்ணத்தைவிடப் பிள்ளையின் அடுத்த பத்தாண்டு பெரியது என்று சொல்கிறது. போக விரும்பினால், போக விட வேண்டும்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பலாகாது. பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள் சில உள்ளன. அங்கே உயர்தர வகுப்பு தமிழ் மொழியில் உண்டா? பிள்ளை விரும்பும் பாடங்கள் உண்டா? விடுதியில் அவனுடைய உணவுக்கும் தொழுகைக்கும் இடையூறு இல்லையா? இவற்றுக்கெல்லாம் மேலான கேள்வி ஒன்றுண்டு: நாளை முதுகிலோ முழங்காலிலோ காயம் பட்டு அவன் பந்து வீச முடியாமற் போனால், அவனுடைய படிப்பும் விடுதியும் தொடருமா? வளரும் வயதில் வேகப்பந்து வீசுவோருக்கு முதுகெலும்பிற் சிறு முறிவு ஏற்படுவது மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்று. கையை மட்டும் கேட்கும் கல்லூரிக்குப் பிள்ளையைக் கொடுக்க வேண்டா. பிள்ளையைக் கேட்கும் கல்லூரி, இந்தக் கேள்விக்கு எழுத்தில் விடை தரத் தயங்காது.

அடுத்து, எடுத்துக்கொள்ளும் கல்லூரிக்கு ஒரு கடமை உண்டு. உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் 2001ஆம் ஆண்டு முதல் ஒரு நல்ல விதியை நடத்தி வருகிறது. ஒப்பந்தக் காலம் முடியுமுன் ஒரு வீரர் பணத்துக்குக் கைமாறும்போது, அப்பணத்தில் 100க்கு 5 பங்கை, 12 வயது முதல் 23 வயது வரை அவரைப் பயிற்றுவித்த கழகங்களுக்குப் பகிர்ந்து கொடுக்க வேண்டும். ஏழை நாட்டுச் சிறு கழகம் ஒன்று, தான் வளர்த்த பிள்ளை பெருங் கழகத்துக்குப் போகும்போது, அந்தப் பங்கிலே மைதானத்தைத் திருத்திக்கொள்ளலாம். நம் பாடசாலைகளுக்கிடையே பணம் கைமாறக் கூடாது. பிள்ளைகளுக்கு விலை வைக்கும் வழக்கம் இங்கு வரவே வேண்டா. ஆனால் அந்த விதியின் உட்பொருளை எடுத்துக்கொள்ளலாம். பிள்ளையைப் பெற்ற கல்லூரி, ஆண்டுக்கு ஒரு வாரம் தன் பயிற்றுநரை இங்கு அனுப்பட்டும். பயிற்சிக்கு ஒரு பாய் விரிப்பும் பந்துகளும் தரட்டும். ஆண்டுக்கொரு முறை தன் அணியை நம் கரைக்கு அழைத்து வந்து ஆடட்டும். அந்தப் பிள்ளை புகழ் பெறும்போது, அவனுடைய பெயருக்கருகில் இந்தப் பாடசாலையின் பெயரையும் எழுதட்டும். கேட்க வந்தவர்களிடம் இவற்றைக் கேட்பதற்கு நம் அதிபர்கள் கூச வேண்டியதில்லை.

அந்தத் தந்தையிடம் நாம் கூறியதும் இதுவே. முதலிற் பிள்ளையைக் கேளுங்கள். பின்னர் கல்லூரியிடம் காயத்தைப் பற்றிக் கேளுங்கள். அதன்பின் உள்ளூர் அதிபரிடமும் விளையாட்டு ஆசிரியரிடமும் பிள்ளையையே நேரிற் சென்று விடைபெறச் சொல்லுங்கள். சொல்லாமற் போவதுதான் நன்றி மறத்தல். சொல்லிவிட்டுப் போவது வளர்ச்சி.

தெரிந்து வினையாடலுக்கு ஓர் அதிகாரமே வகுத்துத் தந்த மொழி நம்முடையது. யாரிடம் எவ்வேலையை ஒப்படைப்பது என்று ஆராய்வது நமக்குப் புதிதன்று. உள்ளூர் அதிபருக்கும் அந்த ஆராய்ச்சி ஒன்று மிஞ்சியிருக்கிறது. முரளி போன பின்னர் இறுதியாட்டத்தின் முதல் ஓவரை வீச அஸ்வின் இருந்தார். நம் பாடசாலை அணியிலும், இத்தனை காலம் அந்த நட்சத்திரத்தின் நிழலிலே எல்லைக்கோட்டருகில் நின்று பந்து பொறுக்கிய பிள்ளை ஒருவன் இருப்பான். அடுத்த பருவத்தின் முதல் நாளில் புதுப் பந்தை அவன் கையிற் கொடுத்துப் பாருங்கள்.